ஆண்டு வாசிப்பு இலக்கு: எண்ணைக் கடைசியில் எழுதுங்கள்

புத்தாண்டு நெருங்கினால் வாசிக்கிறவர்கள் நடுவே ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "வரும் வருஷம் எத்தனை புத்தகம்?" ஒருவர் 50 என்பார், இன்னொருவர் 100 என்பார். வாசிப்பை இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தானும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார். அந்த எண்ணுக்கும் அவருடைய அன்றாடத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. பிப்ரவரி முடிவதற்குள் அது பாரமாகிவிடும். அதோடு சேர்ந்து வாசிப்பும் கசக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். இலக்கு வைத்த முதல் வருடம் நோட்டில் 50 என்று எழுதினேன். அக்டோபர் கடைசியில் 31 முடிந்திருந்தது. மிச்சம் இரண்டு மாதமும் ஒரே வேலைதான். அலமாரியில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துப் பொறுக்கினேன். 80 பக்கம், 96 பக்கம், 64 பக்கம். டிசம்பர் 30 அன்று 50 ஆகிவிட்டது. அந்தக் கடைசிப் பத்தொன்பது புத்தகங்களில் இன்றைக்கு நினைவில் நிற்பவை இரண்டோ மூன்றோதான். வருடம் முழுக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த 700 பக்க நாவல் ஒன்றை நான் தொடவே இல்லை. அதை முடித்தாலும் கணக்கில் ஒன்றாகத்தானே வரும்! அந்த நினைப்புதான் என்னைத் தடுத்தது. இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குட்ஹார்ட் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன கருத்திலிருந்து வந்தது அது. ஓர் அளவீட்டையே இலக்காக மாற்றிவிட்டால், அளக்கும் வேலைக்கு அது உதவாமல் போய்விடும் என்பது அதன் சாரம். என்னுடைய 50-க்கு நடந்ததும் இதுதான். புத்தக எண்ணிக்கை என் வாசிப்பை அளப்பதை விட்டுவிட்டு, எதை வாசிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே இந்த வழிகாட்டியில் எண் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதை டிசம்பரில் செய்தாலும் சரி, ஜனவரி முதல் வாரத்தில் செய்தாலும் சரி. வருடத்தின் நடுவில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அன்றைக்கே தொடங்கலாம்.

முதலில், போன வருடத்தைப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடந்த 12 மாதங்களில் கையில் எடுத்த எல்லாப் புத்தகங்களையும் எழுதுங்கள். முடித்தவை, பாதியில் விட்டவை, வாங்கி வைத்துத் திறக்காதவை எல்லாமே வரட்டும். நினைவு வராவிட்டால் நூலகக் கணக்கு, மின்னூல் கருவியின் பட்டியல், கைபேசியில் எடுத்த படங்கள் இவற்றைப் புரட்டினால் ஓரளவு வந்துவிடும். மூன்றே பெயர்கள்தான் வருகின்றனவா? சரி, மூன்றை எழுதுங்கள். யாருக்கும் காட்டப்போவதில்லை.

பட்டியலில் முடித்த புத்தகங்களை விட, பாதியில் நின்றவற்றைக் கூர்ந்து பாருங்கள். உங்களைப் பற்றி அதிகம் சொல்பவை அவைதான். எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று யோசியுங்கள். எழுத்து சிறியதாக இருந்து கண் வலித்ததா? பெயர்கள் அதிகமாகிக் குழம்பினீர்களா? அந்தச் சமயத்தில் வேலை கூடிவிட்டதா? யாரோ பரிந்துரைத்தார்கள் என்பதற்காக எடுத்து, உங்களுக்கு அதில் ஆர்வமே இல்லாமல் போனதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்களில் காரணத்தைக் குறியுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், வரும் வருடம் நீங்கள் சரிசெய்ய வேண்டியது அதுதான். என்னுடைய தாளில் "இரவு, தூக்கம்" என்பது ஐந்து முறை வந்தது. படுக்கையில்தான் வாசிக்க முடியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றியதும் அந்த ஐந்தில் மூன்று புத்தகங்கள் முடிந்துவிட்டன.

ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போய்விடும் படி இது. உங்கள் வேகமும் உங்கள் நேரமும் உங்களுக்குத் தெரியாமல் எந்த எண்ணைச் சொன்னாலும் அது வெறும் ஊகம்தான்.

வாசிப்பு வேகம் பற்றிய ஆய்வுகள் நிறைய உண்டு. மொழி உளவியலாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 2019-ல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தை மனதுக்குள் வாசிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம், புனைவல்லாத எழுத்தில் நிமிடத்துக்கு 238 சொல், புனைவில் 260 சொல் என்று கணக்கிட்டார். இந்த எண்களைத் தமிழ் வாசிப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் மற்ற ஒட்டுகளும் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. "வீட்டிலிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று சொல் வேண்டும். அதனால் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பார்த்துவிட்டு நாம் மெதுவாக வாசிக்கிறோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. சொற்களை விடுங்கள். பக்கமும் நிமிடமும் போதும்.

எப்படி அளப்பது? இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலேயே ஒரு காகிதத் துண்டைச் செருகிவையுங்கள். வாசிக்க உட்காரும்போது நேரத்தையும் பக்க எண்ணையும் எழுதுங்கள், எழுந்திருக்கும்போது மறுபடி எழுதுங்கள். ஏழு நாள் இப்படிச் செய்யுங்கள். வேகமாக வாசிக்க முயல வேண்டாம், கூடுதல் நேரம் ஒதுக்கவும் வேண்டாம். வாசிக்காத நாளுக்குப் பூஜ்யம் போடுங்கள். அந்தப் பூஜ்யங்களும் கணக்கில் வந்தாக வேண்டும்.

வாரக் கடைசியில் கையில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் வாசிக்கிறீர்கள், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பக்கம் வருகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் முதல் எண் மாறும். உரையாடல் நிறைந்த நாவலில் 40 பக்கம் போகிறவர், தத்துவ நூலில் 12 பக்கத்தில் நிற்பார். அதில் தவறே இல்லை. முடிந்தால் இரண்டு வகைப் புத்தகங்களில் அளந்துவிடுங்கள்.

இப்போது கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. அளந்த வாரத்தில் மொத்தம் 98 பக்கம் வாசித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 14. ஆனால் அளக்கிறோம் என்ற உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாசித்திருப்பீர்கள், அதனால் 10 என்று குறைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 365 நாள் என்றும் போட வேண்டாம். காய்ச்சல், பயணம், தேர்வு, வேலை நெருக்கடி, வீட்டு விசேஷம் என்று இரண்டு மாதம் எப்படியும் போய்விடும். 300 நாள் என்று கொள்ளுங்கள். 300 நாள், நாளைக்கு 10 பக்கம் என்றால் 3,000 பக்கம். சராசரியாக 250 பக்கப் புத்தகம் என்றால் 12 வரும். மாதத்துக்கு ஒன்று.

12 என்றதும் சிலருக்கு முகம் வாடும். இதே கணக்கை 50-க்குப் போட்டுப் பாருங்கள். 250 பக்கம் வீதம் 12,500 பக்கம். ஒரு நாள்கூட விடாமல் வாசித்தாலே தினமும் 34 பக்கம் தேவை. மணிக்கு 30 பக்கம் வாசிக்கிறவருக்கு அது தினம் ஒரு மணி பத்து நிமிடம். 300 நாள் கணக்கில் பார்த்தால் 42 பக்கம், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் 50 வைக்கலாம், தவறில்லை. இல்லாத நேரத்தை இருப்பதாக எழுதிவைத்தால்தான் சிக்கல்.

எதை எண்ணப்போகிறோம் என்பதும் இங்கேதான் முடிவாக வேண்டும். மூன்று வழிகள் உண்டு: புத்தகம், பக்கம், நிமிடம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் நிமிடத்தைத்தான் சொல்வேன். தினம் 20 நிமிடம் என்பது வருடம் முழுக்கச் சேர்ந்தால் 7,300 நிமிடம், அதாவது 121 மணி நேரத்துக்கும் மேல். கடினமான புத்தகத்தையும் கவிதையையும் அது தண்டிக்காது. நான்கு பக்கக் கவிதையை மூன்று முறை திரும்ப வாசித்தாலும் அந்த 20 நிமிடம் முழுதாகக் கணக்கில் வந்துவிடும். பக்கக் கணக்கு, தடிமனான புத்தகங்களை விரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். 700 பக்க நாவலுக்கு அங்கே 700-க்கான மதிப்புக் கிடைக்கும். புத்தக எண்ணிக்கை எளிது, சொல்லிக்கொள்ளவும் வசதி. ஆனால் மெலிந்த புத்தகங்களின் பக்கம் உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் தொடாமல் விட்ட அந்த நாவலை, பக்கக் கணக்குக்கு மாறிய வருடத்தில்தான் எடுத்தேன். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை போயிற்று. அந்த வருடம் மொத்தம் 14 புத்தகம்தான். அந்த 50 புத்தக வருடத்தை விட அந்த வருடத்தைத்தான் நான் நிறைவாக நினைத்துக்கொள்கிறேன்.

எதை வாசிப்பது: ஒரு திசை போதும்

அளவு முடிந்தது. இனி எந்தப் பக்கம் போவது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தலைப்பு என்றெல்லாம் அட்டவணை போட வேண்டாம். பெரிய பட்டியல்கள் மார்ச்சில் செத்துவிடும். ஒன்றோ இரண்டோ திசைகள் போதும். எடுத்துக்காட்டாக:

ஒரு எழுத்தாளரின் எழுத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசிப்பது.
இதுவரை தொடாத ஒரு வகையில் நான்கு புத்தகம். தன்வரலாறு, அறிவியல், நாடகம், பயண நூல், எதுவாகவும் இருக்கலாம்.
மொழிபெயர்ப்பு வழியே ஐந்து வேறு மொழிகளை எட்டிப்பார்ப்பது.
வீட்டில் ஏற்கெனவே இருக்கும், இன்னும் திறக்காத புத்தகங்களில் ஆறை முடிப்பது.

கடைசியில் சொன்னதை நான் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். வாங்கி அடுக்கிவிட்டு வாசிக்காமல் வைத்திருப்பதற்கென்றே ஜப்பானிய மொழியில் "சுண்டோகு" என்று ஒரு சொல் உண்டு. அப்படியொரு சொல் தேவைப்பட்டிருக்கிறது என்றால் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலானது என்று பாருங்கள். வீட்டிலேயே ஆறு புத்தகம் காத்திருக்கும்போது புதிய பட்டியல் தேட வேண்டிய அவசியம் குறைவு.

மொத்தக் கணக்கில் பாதியைத்தான் இந்தத் திசைக்குக் கொடுங்கள். 12 புத்தகம் என்றால் 6. மீதிப் பாதி காலியாகவே இருக்கட்டும். நண்பர் கையில் பார்த்தது, நூலகத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது, திடீரென்று ஒரு விஷயத்தில் வந்த ஆர்வம், இவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும். வாசிப்பின் பெரிய சந்தோஷங்கள் பலவும் அந்தக் காலி இடத்தில்தான் வந்து உட்காரும்.

எண்ணும் விதிகளை முன்பே எழுதிவிடுங்கள்

நடுவில் தகராறு வராமலிருக்க இது உதவும். தகராறு உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும் இடையில்தான், ஆனாலும் அது களைப்பைத் தரும். சிறிய புத்தகத்தைச் சேர்க்கலாமா, ஒலிப்புத்தகம் வாசிப்பாகுமா, மறுவாசிப்புக்குக் கணக்கு உண்டா, குழந்தைக்கு வாசித்துக் காட்டியது வருமா?

புத்தகம் என்றால் எவ்வளவு பெரிது என்பதற்கு யுனெஸ்கோ 1964-ல் ஒரு வரையறை வைத்தது: அட்டை நீங்கலாக, குறைந்தது 49 பக்கம் இருக்க வேண்டும். நாடுகள் தங்கள் பதிப்புப் புள்ளிவிவரங்களை ஒரே மாதிரி தருவதற்காக வந்த வரையறை அது. வேண்டுமானால் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஒலிப்புத்தகத்தை நான் சேர்க்கிறேன். கேட்டு முடிக்க ஆன நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதினால் குழப்பமில்லை. மறுவாசிப்பைக் கட்டாயம் சேருங்கள். அதை விலக்கினால் பிடித்த புத்தகத்திடம் திரும்பிப் போகவே தயங்குவீர்கள். பாதியில் விட்டது? வாசித்த பக்கங்களும் நிமிடங்களும் சேரும், புத்தக எண்ணிக்கையில் சேராது. இவை என் விதிகள். உங்களுடையது வேறாக இருக்கலாம். ஐந்து வரியில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் அப்புறம் வருடம் முழுக்க அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

இப்போது அந்த எண்ணை எழுதலாம். விதிகளுக்குக் கீழே ஒரே வரி: "இந்த வருடம் 300 நாள், நாளைக்கு 20 நிமிடம். திசை: வீட்டில் இருக்கும் ஆறு புத்தகங்கள்."

நாளில் ஓர் இடம்

"நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்" என்று சொல்கிறவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு வாசிப்பைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும், பேருந்தில் உட்கார்ந்ததும், குழந்தை தூங்கியதும் என்று இருக்கலாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்த விஷயம் இது. "வாசிக்க வேண்டும்" என்ற பொதுவான எண்ணத்தை விட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று இடமும் நேரமும் குறித்து முடிவெடுத்தவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம்.

பழக்கம் ஊறுவதற்கு 21 நாள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற ஆகும் காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறும் என்று கணித்தார்கள். நடுவளவு 66 நாள். அவர்கள் பார்த்தது சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி தொடர்பான பழக்கங்களை, வாசிப்பை இல்லை. என்றாலும் அதில் நமக்கு ஆறுதலான ஒரு செய்தி இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே மூன்றாவது வாரத்தில் இன்னும் சிரமமாக இருந்தால் உங்களிடம் குறை என்று நினைக்காதீர்கள். மார்ச் முதல் வாரம் வரையாவது பொறுங்கள்.

இன்னொரு சிறிய உத்தி. புத்தகத்தை அந்தச் செயல் நடக்கும் இடத்திலேயே வையுங்கள். பேருந்தில் வாசிப்பதென்றால் முந்தைய இரவே பைக்குள் போய்விட வேண்டும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

பதிவு

வாசித்ததைக் குறித்துவைக்கும் பழக்கம் பழையது. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை இதற்கென்றே நோட்டுகள் வைத்திருந்தார். வாசித்தவை ஒரு பட்டியல், வாசிக்க வேண்டியவை இன்னொன்று. சில புத்தகங்களுக்குப் பக்கத்தில் சுருக்கமாகத் தன் கருத்தையும் எழுதியிருக்கிறார். பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 ஜூன் தொடங்கித் தான் வாசித்த புத்தகங்களின் பட்டியலை வைத்திருக்கிறார். இருவரும் செய்தது எளிய காரியம்தான்: பெயர், தேதி, எப்போதாவது ஒரு சொல்.

உங்களுக்கும் அது போதும். ஒரு சாதாரண நோட்டை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் இவற்றை எழுதுங்கள்: பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர், தொடங்கிய நாள், முடித்த நாள், பக்கம். அதற்குக் கீழே மூன்று வரி. முதல் வரியில் புத்தகம் எதைப் பற்றியது. இரண்டாவதில் மனதில் நின்ற ஒரு காட்சியோ கருத்தோ, பக்க எண்ணோடு. மூன்றாவதில், இதை யாருக்குக் கொடுப்பேன் என்பது. இந்த மூன்றாவது வரியை எழுத உட்கார்ந்தால்தான் புத்தகத்தைப் பற்றிய உண்மையான அபிப்பிராயம் வெளியே வரும். "அருமை", "சுமார்" என்று எழுதுவது எளிது. "அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன், தம்பிக்குக் கொடுப்பேன்" என்று எழுதும்போது ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த மூன்று வரியை, புத்தகத்தை முடித்த அன்றே, தள்ளிப்போனால் மறுநாளே எழுதிவிடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் தன்னையே சோதித்துக் காட்டியபடி, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் முதல் நாளிலும்தான் வேகமாக நழுவுகிறது. அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. புத்தகம் அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் கதாபாத்திரத்தின் பெயரையே தேட வேண்டியிருக்கும்.

செயலி விரும்புகிறவர்களுக்கு இரண்டைச் சொல்லலாம். குட்ரீட்ஸ் 2007-ல் தொடங்கியது, 2013-லிருந்து அமேசானுடையது. வருட இலக்கை எண்ணாகக் கொடுத்தால், நீங்கள் எத்தனை புத்தகம் முந்தியிருக்கிறீர்கள், எத்தனை பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது காட்டும். நண்பர்கள் நிறையப் பேர் அங்கே இருப்பார்கள் என்பது அதன் பலம். ஸ்டோரிகிராஃப், நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருளாளர் உருவாக்கியது. புத்தகத்தோடு பக்கத்தையும் நேரத்தையும் இலக்காக வைக்க அதில் வழி உண்டு, அரை நட்சத்திரம், கால் நட்சத்திரம்கூடத் தரலாம். குட்ரீட்ஸில் ஏற்கெனவே உள்ள பட்டியலைக் கோப்பாக இறக்கி இதில் ஏற்றிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகங்களைத் தேடும்போது தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டு விதமாகவும் பதிவாகியிருக்கும்.

இவற்றுக்கு நடுவே கூகுள் ஷீட் இருக்கிறது. வரிசைக்கு ஒரு புத்தகம், கடைசியில் பக்கங்களின் கூட்டல். நான் நோட்டையும் ஷீட்டையும் மட்டுமே வைத்திருக்கிறேன். செயலியில் "பின்தங்கியுள்ளீர்கள்" என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெலிந்த புத்தகம் தேடத் தோன்றுகிறது. சிலருக்கு அதே வரி ஊக்கமாக இருக்கும். இரண்டு மாதம் பார்த்துவிட்டு உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள். தினசரிக் கணக்குக்கு ஒரு நாள்காட்டியில் வாசித்த நாளை வட்டமிட்டால் போதும். மின்னூல் வாசிக்கிறவர்கள் கவனிக்க: எழுத்தைப் பெரிதாக்கினால் திரைகளின் எண்ணிக்கை கூடும். திரைகளை எண்ணாதீர்கள். அச்சுப் பதிப்பின் பக்க எண்ணைக் கருவி காட்டினால் அதை எடுங்கள், இல்லையென்றால் நிமிடக் கணக்குக்குப் போய்விடுங்கள்.

பின்தங்கும்போது

பின்தங்குவீர்கள். எல்லாரும் பின்தங்குகிறார்கள். அதற்கு வருடத்தில் நான்கு நாளைக் குறித்துவையுங்கள்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி ஞாயிறு. அன்று மட்டும் கணக்குப் பாருங்கள். தினமும் பார்த்துத் தினமும் வருந்துவதில் பயன் இல்லை.

மார்ச் ஞாயிறன்று 75 நாள் இருக்க வேண்டிய இடத்தில் 50 இருந்தால், விட்டுப்போன 25 நாளை அடுத்த மூன்று மாதத்தில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் போல அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஜூனில் மொத்தமாக நிறுத்திவிடுவார். இலக்கைத் திருத்தி எழுதுங்கள். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதையும் தேதியையும் எழுதுங்கள். முந்தியிருந்தால் கூட்டியும் எழுதலாம்.

வாசிப்பு நின்றுபோவதற்கு நேரமின்மை எவ்வளவு காரணமோ, பிடிக்காத ஒரு புத்தகத்தில் மாட்டிக்கொள்வதும் அவ்வளவு காரணம். அதை முடிக்காமல் அடுத்ததை எடுக்கக் கூடாது என்று நினைத்து, எதையுமே எடுக்காமல் ஆறு வாரம் போய்விடும். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் இதற்கு ஒரு விதி சொன்னார். 50 பக்கம் வாசியுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு 50 வயது தாண்டியிருந்தால் 100-லிருந்து வயதைக் கழித்து, வருகிற பக்கம் வரை வாசித்தால் போதும். 70 வயதுக்காரர் 30 பக்கத்தில் முடிவெடுக்கலாம். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். விட்ட புத்தகத்தையும் நோட்டில் எழுதி, எந்தப் பக்கத்தில், ஏன் விட்டீர்கள் என்று குறியுங்கள். சில புத்தகங்கள் மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கையில் வரும், அப்போது அந்தக் குறிப்பு உதவும்.

எதை எடுத்தாலும் ஓடவில்லை என்ற காலமும் வரும். அப்போது ஏற்கெனவே வாசித்து நேசித்த ஒரு புத்தகத்தை எடுங்கள், அல்லது சிறுகதைத் தொகுப்பில் நாளைக்கு ஒரு கதை. 20 நிமிடத்தை 5 ஆக்கிக்கொள்ளுங்கள். இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

டிசம்பரில்

கடைசி ஞாயிறன்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். மொத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். எந்த மூன்று புத்தகங்களின் குறிப்பைப் படிக்கும்போது அந்த நாட்களே திரும்பி வருகின்றன என்று பாருங்கள், அவற்றை வட்டமிடுங்கள். "யாருக்குக் கொடுப்பேன்" என்று எழுதிய பெயர்களில் யாருக்காவது இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு நாட்களையும் பக்கங்களையும் கூட்டி, வரும் வருடத்துக்கான தாளை எடுங்கள். இந்த முறை ஒரு வாரம் அளக்கத் தேவையில்லை. ஒரு முழு வருடத்தின் அளவு கையில் இருக்கிறது.

டிசம்பர் 31 இரவு ஒரு புத்தகம் பாதியில் இருந்தால் அவசரமாக முடிக்க வேண்டாம். அன்றுவரை வாசித்த பக்கங்களும் நிமிடங்களும் பழைய வருடத்துக்கு, முடிக்கும் புத்தகம் புது வருடத்துக்கு. புது நோட்டின் முதல் வரியில் அதன் பெயரை எழுதி, நின்ற பக்க எண்ணைப் பக்கத்தில் குறித்துவிட்டுத் தூங்குங்கள்.